2024இல் நான் பார்த்த படங்கள்: மெய்யழகனுக்கே முதலிடம்

நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து உயர்தரப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்களே, அந்த நாட்களில்தான் இந்தக் கணக்கைப் பார்த்தோம். கரண்ட் இல்லை. பரீட்சை எழுத வந்த அக்காவின் மகன் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டிலேயே அடைந்து கிடந்தான். மலிபன் பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்திருந்த தியேட்டர் டிக்கெட்டுகளைப் பாயில் கொட்டினேன். மொத்தம் 14. மெழுகுதிரி வெளிச்சத்தில் இருவரும் வரிசைப்படுத்தினோம். அவன் மகாராஜாவை மேலே வைத்தான். நான் எடுத்து நான்காவதாக வைத்தேன்.

"மாமா, கடைசி இருபது நிமிசத்த மறந்திட்டீங்களா?"

மறக்கவில்லை. விஜய் சேதுபதியின் 50ஆவது படம். குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது என்று பொலிசில் போய் நிற்கிற ஒரு முடிவெட்டுபவர். இயக்குநர் நித்திலன் காலத்தை முன்பின்னாகக் குலைத்துக் கதை சொன்னது கெட்டித்தனம்தான். ஆனால் முடிச்சு அவிழ்ந்தபிறகு இன்னொரு தரம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

லப்பர் பந்தை மூன்று தரம் பார்த்தேன். பதினெட்டு வருடம் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் விக்கெட் காத்தவன் நான். 1989இல் வந்த பொன்மனச் செல்வன் படத்து விஜயகாந்த் பாட்டு ஒலிக்க, அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கியபோது தியேட்டரே எழுந்து நின்றது. வேலையை விட்டுவிட்டு ஒளித்து மெச் விளையாடப் போகும் கணவனிடம் சுவாசிகா காட்டுகிற கோபம் எங்கள் வீட்டுக் கோபமேதான். பக்கத்தில் இருந்த மனைவி என் கையைக் கிள்ளினாள். ஆனால் என்னை ஆட்டியது அன்புவின் கதை. நன்றாக ஆடுகிறவன், சாதியால் ஊர் அணிக்குள் எடுக்கப்படாமல், ஆள் குறைகிற இடத்துக்கெல்லாம் போய் ஆடுகிறான். நான் ஆடிய காலத்தில் எங்கள் பக்கத்திலும் ஒரு பொடியனை அப்படி எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தோம். பந்து பொறுக்கிப் போடுவான். நான் வாய் திறக்கவில்லை. இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து இதைப் பிரசங்கமாக்காமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்துச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

வாழையும் கொட்டுக்காளியும் ஓகஸ்ட் 23ஆம் திகதி ஒன்றாக வந்தன. வாழைத்தார் சுமக்கிற பையனின் கழுத்தைப் பார்த்தபோது, பள்ளிக்கூட விடுமுறையில் வட்டைக்குள், அதாவது வயலுக்குள், அறுத்த நெற்கதிர் உப்பட்டி சுமந்த என் கழுத்து வலித்தது. கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இரைச்சலும் கோழியின் சத்தமும் மட்டும்தான். காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். மந்திரத்துக்குப் பேர்போன மட்டக்களப்பில் இருந்து இதைப் பார்ப்பது வேறு அனுபவம். கட்டுச் சொல்லக் கேட்க, அதாவது குறி கேட்க, போன பயணங்களில் வாயே திறக்காமல் இருந்த பெண்களை நானும் கண்டிருக்கிறேன். முடிவைப் பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டுப் படம் நின்றபோது, பின்னால் ஒருவர் "முடிஞ்சுதா?" என்று கேட்டார். அந்த இடத்தில் நிறுத்த இயக்குநர் வினோத்ராஜுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இந்தியன் 2 எனக்குப் பெரிய ஏமாற்றம். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சரி, மெய்யழகன். வெளியான மறுநாளே போனேன். சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப்போன குடும்பம். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு கலியாணத்துக்காக அரவிந்த்சாமி திரும்பி வருகிறார். அங்கே உருகி உருகிக் கவனிக்கிற கார்த்தியின் பெயர்கூட அவருக்கு நினைவில் இல்லை. நீளம் என்று சொல்லிப் பிறகு 18 நிமிடத்தை வெட்டினார்கள். அக்கா பார்த்தது வெட்டிய படம். நான் சொல்லிச் சொல்லி அழுத ஒரு பேச்சு அவள் பார்த்ததில் இல்லவே இல்லை. எனக்கு அந்த நீளம் தேவைப்பட்டது. சொந்தக்காரர்கள் வருடக்கணக்கில் காணாமல் இருந்து சந்தித்தால் பேச்சு அப்படித்தான் நீளும், விடியும்வரை போகும்.

பிறகு அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். அம்மா பிறந்த வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 1990இல் எங்களைத் தூக்கிக்கொண்டு கிழக்கே எழுவான்கரைக்கு வந்தவர், அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவே இல்லை. படம் முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தேத்தண்ணி தரும்போது, "ஒருக்கா கூட்டிக்கொண்டு போறியா மகன்?" என்று கேட்டார்.

மழை தொடங்குவதற்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மண்முனைப் பாலம் வந்து அப்போது பத்து வருடமாகியிருந்தது. முன்பு பாதையில், அதாவது மிதவைப் படகில், கடந்த ஆற்றை ஆட்டோவில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டோம். வீடு இல்லை. அத்திவாரத்தின் மேல் எருக்கலை முளைத்திருந்தது. கிணறு மட்டும் இருந்தது. அம்மா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

"தண்ணி கிடக்குடா" என்றார்.