கொடித்தோடையா, அன்னாசியா, வத்தகப்பழமா? கொழும்பு வெக்கைக்கு ஒரு சாராயக் கலவை

ஏப்ரல் முதல் இரண்டு கிழமையும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். பொழுதுபட்ட பிறகும் வெள்ளவத்தை மாடிச் சுவர்கள் சூடு விட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வீட்டிலேயே பழமும் பச்சிலையும் போட்டு ஒரு காக்டெய்ல் கலக்க நினைத்தால், சந்தையில் சுலபமாகக் கைக்கு வரும் சோடிகள் மூன்று: கொடித்தோடையும் (பாஷன் புரூட்) புதினாவும், அன்னாசியும் கறிவேப்பிலையும், வத்தகப்பழமும் (தர்ப்பூசணி) துளசியும். மூன்றுக்கும் அடி தென்னஞ்சாராயம்தான். இந்த அலசல் கொடித்தோடைப் பக்கம் சாய்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பார்வைக்கு அழகு வத்தகப்பழம். ஒரு பழம் வாங்கினால் எட்டுப் பத்துப் பேருக்குக் காணும். இனிப்பில் அன்னாசி முந்தும், சீனி குறைவாகப் போதும். கொடித்தோடைக்குச் சீனி கூடத் தேவை, விதை வடிக்கும் வேலையும் உண்டு. இந்த மட்டத்திலேயே தெரிவு செய்தால் கொடித்தோடை கடைசி இடத்துக்குத்தான் வரும். கிளாஸைக் கையில் எடுத்துக் கால்மணி நேரம் போன பிறகுதான் கணக்கு மாறுகிறது.

காரணம் ஐஸ். கொழும்பில் ஐஸ் கெதியாக உருகுவதற்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காற்றிலுள்ள ஈரம்தான் பெரிய எதிரி. குளிர்ந்த கிளாஸின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கிறதல்லவா, அந்த நீராவி தண்ணீராக மாறும்போது தன்னிடமிருந்த வெப்பத்தைக் கிளாஸுக்குள் இறக்கிவிடுகிறது. ஒரு கிராம் நீராவி படிந்தால் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும். அதாவது வெளியே ஒரு கிராம் வேர்த்தால் உள்ளே ஏழு கிராம் ஐஸ் கரைய அது காணும். நுவரெலியாவில் வெகுநேரம் தாங்கும் கிளாஸ் கொட்டாஞ்சேனையில் கெதியாகத் தளர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் மிடறு மிடறாகக் குடிக்கக் குடிக்கக் கிளாஸில் தண்ணீரின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி இது: தண்ணீர் கலந்த பிறகும் எந்தப் பழம் தன் ருசியை விடாமல் வைத்திருக்கும்?

வத்தகப்பழம் இதில் தோற்றுவிடும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். புளிப்பும் மிகக் குறைவு. தேசிக்காய்ச் சாறு 20 மில்லிலீட்டர் விட்டால்தான் உயிர் வரும். ஐஸ் உருகியதும் இளஞ்சிவப்பு நிறமும் சாராய மணமும்தான் மிஞ்சும். துளசி அதைக் காப்பாற்றும் என்று நினைத்து நாலைந்து இலை கூடப் போடுவார்கள். துளசியின் கராம்பு வாடை முழுதாக மேலே ஏறிவிடும். இரண்டு இலைக்கு மேல் வேண்டாம். (துளசி மாடத்துச் செடியில் சாராயத்துக்காக இலை பறிப்பதைச் சில வீடுகளில் விரும்பமாட்டார்கள். அங்கே திருநீற்றுப்பச்சை இன்னும் பொருத்தம். பலூடாவில் போடும் கசகசா அந்தச் செடியின் விதைதான்.) வத்தகப்பழத்தை வைத்துத்தான் செய்யவேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: விதை நீக்கி இரண்டு சென்டிமீட்டர்த் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி, முதல்நாள் இரவே உறையவைத்து, ஐஸுக்குப் பதிலாக அதையே போடுங்கள். உருகினாலும் உருகுவது பழச்சாறுதானே.

அன்னாசி நடுவில் நிற்கும். புளிப்பும் இனிப்பும் போதிய அளவு இருக்கிறது. குலுக்கினால் மேலே பால்போல ஒரு நுரை கட்டும். அந்த அழகு மற்ற இரண்டிலும் வராது. ஆனால் பழத்துக்குப் பழம் இனிப்பு மாறும், ஒரே பழத்திலும் அடிப்பகுதி இனிக்கும், கொண்டைப் பக்கம் புளிக்கும். நீளவாக்கில் வெட்டி அடித்தால் சாறு சமமாக இருக்கும். அடித்து வடித்த சாற்றை ஒரு மணி நேரம் வைத்தால் சக்கை பிரிந்துவிடும்; கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும். ஐஸ்கிறீம் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பச்சை அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை அறுக்கும், சற்று நேரத்தில் கசக்கும். கறிவேப்பிலையைப் பச்சையாக இடித்துப் போட்டால் சம்பல் வாசம்தான் வரும். ஒரு கோப்பைச் சீனிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துக் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, இரண்டு நெட்டு இலையைப் போட்டு மூடி, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சீனிக்குப் பதிலாகக் கித்துள் பாணி விட்டாலும் அன்னாசிக்கும் சாராயத்துக்கும் நன்றாகப் பிடிக்கும்; நிறம்தான் மண்ணிறமாகும். காலிமுகத்திடலில் அன்னாசித் துண்டுக்குத் தூவும் உப்பும் மிளகாய்த்தூளும் கிளாஸ் விளிம்பில் தடவ அருமை.

இனிக் கொடித்தோடை. இதன் புளிப்பு மூன்றிலும் பலமானது, மணமும் அப்படியே. அந்த மணத்தில் பங்குள்ள கந்தகச் சேர்மங்களை மிகச் சிறிய அளவிலும் மூக்கு பிடித்துக்கொள்ளும். அதனால் கிளாஸில் கால்வாசி தண்ணீர் கூடினாலும் பழம் பழமாகவே மணக்கும். சரியாகச் சொன்னால், இந்தக் கலவை தொடக்கத்தில் கொஞ்சம் உறைப்பான புளிப்போடுதான் இருக்கும். ஐந்தாறு நிமிடம் ஐஸ் உருகிய பிறகுதான் பதத்துக்கு வரும். கொழும்பின் ஈரக் காற்று மற்ற இரண்டையும் கெடுக்க, இதை மட்டும் சரிப்படுத்துகிறது.

ஒரு கிளாஸுக்கு அளவு: சாராயம் 50 மில்லிலீட்டர், வடித்த கொடித்தோடைச் சாறு 40 (பெரிய மஞ்சள் பழம் என்றால் ஒன்றரை, சிறியதென்றால் இரண்டு), சீனிப்பாகு 20, தேசிக்காய்ச் சாறு 10, புதினா எட்டு இலை, குளிர்ந்த சோடா 50. சோடாவைத் தவிர்த்து மற்றவற்றை ஐஸோடு மூடி போட்ட ஜாம் போத்தலில் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கி, புது ஐஸ் போட்ட கிளாஸில் வடித்து, மேலே சோடா விடவேண்டும். குலுக்கும்போதே 25, 30 மில்லிலீட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சோடாவைப் போத்தலுக்குள் விட்டுக் குலுக்கினால் மூடி பறந்து, கூரை நனையும்.

பழம் வாங்கும்போது தோல் வழுவழுப்பாக இருப்பது புளிக்கும், சற்றே சுருங்கியது இனிக்கும். மஞ்சளில் புளிப்பு அதிகம், ஊதாவில் இனிப்பும் மணமும் கூட. எதுவானாலும் கையில் கனக்க வேண்டும். இலேசானது உள்ளே வறண்டிருக்கும். பிளெண்டரில் முழுவேகத்தில் அடிக்கவே வேண்டாம். விதை உடைந்து கரும்புள்ளியும் கசப்பும் இறங்கிவிடும், பிறகு எந்தச் சீனியும் அதை மறைக்காது. சதையை வடியில் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்ப்பதே போதும். அழகுக்கு அரைக் கரண்டி விதையைத் திருப்பிச் சேர்க்கலாம்.

கூடுதல் வசதி ஒன்றும் உண்டு. வடித்த சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் பிறகு பையில் கட்டிவைத்தால் இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். அன்னாசிச் சாறு உறைந்து இளகினால் நுரை கட்டும் குணம் மங்கும். உறையவைத்த வத்தகப்பழம் இளகியதும் சக்கையாகிவிடும். கொடித்தோடையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

புதினாவில்தான் பலர் சறுக்குவது. மணம் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாலோ, கரண்டியால் மூன்று தரம் மெதுவாக அழுத்தினாலோ அது வெளிவந்துவிடும். உரலில் இடிப்பதுபோல இடித்தால் பச்சைப்புல் கசப்பு வரும், கிழிந்த துணுக்குகள் பல்லில் ஒட்டும். புதினாப் பாகு செய்பவர்கள் இலையைக் கொதிநீரில் பதினைந்து விநாடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு அரைக்க வேண்டும். இலையைக் கறுப்பாக்கும் நொதி அதில் செத்துப்போகும். அப்படியும் தேசிக்காய் பட்டால் பச்சை நிறம் மங்கி ஒலிவ் நிறமாகும் என்பதால் புளிப்பைக் கடைசி நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

வாங்கிய கட்டை அப்படியே பொலித்தீன் பையில் வைத்தால் மூன்றாம் நாள் கறுத்துவிடும். ஈரம் உதறி, துணியில் சுற்றி, டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். இலை பறித்த நெட்டுகளை வீசாமல் ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தினால் பத்து நாளுக்குள் வேர் விடும். அரைநிழலில், பல்கனித் தொட்டியில் நட்டால் பிறகு சந்தைக்குப் போகத் தேவையில்லை. கடற்கரைப் பக்க மாடிகளில் உப்புக்காற்று நேராக அடிக்காத மூலையாகப் பாருங்கள்.

ஐஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிரீசரில் கருவாடோ மீனோ மூடாமல் இருந்தால் ஐஸ் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். மூடியுள்ள தட்டு அவசியம். தேநீர்க் கோப்பையில் உறையவைத்த ஒரே பெரிய கட்டி, சின்னக் கட்டிகள் ஏழெட்டைவிட மெதுவாக உருகும். கிளாஸையும் முன்கூட்டியே குளிரவைத்து, வெளியே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால், மேலே சொன்ன வேர்வைக் கணக்கு ஓரளவாவது குறையும். இதைச் செய்தால் அன்னாசியும் நின்று பிடிக்கும்.

சாராயத்தைப் பொறுத்தவரை, லேபிளில் தென்னஞ்சாராயம் என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பாருங்கள். உள்ளூர்ப் போத்தல்கள் பல 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். ஏற்றுமதி வகை 40 என்றால் 50 மில்லிலீட்டரைச் சற்றே குறைத்துக்கொள்ளலாம். வோட்காவில் பழம் தூக்கலாகத் தெரியும். ஜின்னுக்கு இந்த அளவுகளைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் சொந்த வாசனைகள் புதினாவோடு எப்படிப் போகும் என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும். போயா தினத்தில் கடை திறக்காது, முதல்நாளே வாங்கிவையுங்கள்.

பத்துப் பேர் வருவதென்றால் குலுக்கிக்கொண்டு நிற்க முடியாது. கொடித்தோடைச் சாறு 400, பாகு 200, குளிர்நீர் 250 மில்லிலீட்டர் என்று ஜக்கில் கலந்து காலையிலேயே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அந்த 250 குலுக்கலில் சேரவேண்டிய தண்ணீருக்கு ஈடு. ஆட்கள் வந்த பிறகு தேசிக்காய்ச் சாறு 100. சாராயம் விடுவதற்கு முன் பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் தனி ஜக்கில் ஊற்றி எடுத்து, ஜிஞ்சர் பியர் சேர்த்துக் கொடுக்கலாம். அதில் ஏற்கெனவே சீனி இருப்பதால் இன்னும் கொஞ்சம் தேசிக்காய் பிழியுங்கள். மீதி ஜக்கில், எத்தனை பேருக்கோ அத்தனை 50 மில்லிலீட்டர் சாராயம். புதினாவும் சோடாவும் கிளாஸில் மட்டும். ஜக்கில் போட்ட புதினா இரண்டாவது சுற்று வருவதற்குள் கறுத்துவிடும்.