படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை

"ஹார்ட் டிஸ்க் போயிருச்சுண்ணே, நீங்க பாவிக்கிற அந்த இலவச சொப்ட்வெயார் சரிவருமா?" என்று கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் சரிவராது. அது பெரும்பாலும் டிஸ்க்கை வாசிக்கும் ஹெட் கெட்டுப்போன சத்தம். உடனே கரண்ட்டை நிறுத்திவிட்டு, தூசி இல்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். சத்தம் இல்லாமல் வாசிக்க மட்டும் திணறுகிறது என்றால், நான் பல வருடமாகப் பாவித்துவரும் மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்: டிடிரெஸ்கியூ, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக்.

டிடிரெஸ்கியூ, கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்குக் கொப்பி எடுப்பது. அது எங்கள் இலங்கை மலையகத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். காரணம் அதன் மேப்பைல். எந்தப் பகுதி கொப்பியானது, எது வாசிக்க முடியாமல் போனது, எதை இன்னும் தொடவே இல்லை என்பதைச் சாதாரண டெக்ஸ்ட் பைல் ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். கிடைத்ததற்குக் கூட்டல் குறி, வாசிக்க முடியாத செக்டருக்கு (டிஸ்க்கின் சிறு துண்டுக்கு) கழித்தல் குறி, தொடாததற்குக் கேள்விக்குறி. இங்கே சித்திரை மாதம் பின்னேரத்தில் இடி தொடங்கினால் கரண்ட் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வெட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். பெரிய டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும் என்பதால் லெப்டொப் பெட்டரியும் கைகொடுக்காது. ஆனால் கரண்ட் வந்ததும் அதே மேப்பைலைக் காட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, சண்டித்தனம் பண்ணும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பிவரும். எப்போது நின்றுபோகும் என்று தெரியாத டிஸ்க்கிடம் இப்படித்தான் வேலை வாங்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால், லினக்ஸ் அதை அடையாளம் காட்டும் எழுத்தை மாற்றிவிடக்கூடும். எதிலிருந்து எதற்குக் கொப்பி போகிறது என்பதை ஒவ்வொரு முறையும் சீரியல் நம்பரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததைப் பற்றி எழுதும்போதே கோபம் வருகிறது. தோட்டம் தோட்டமாகப் போய், லயத்து வீடுகளில் வாங்கி, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஸ்கேன் பண்ணிய பழைய படங்கள் இருந்த டிஸ்க் ஒன்று என்னிடம் வந்தது. வருமுன் டவுனில் ஒரு கடைக்குப் போயிருந்தது. அங்கே அதில் விண்டோஸின் டிஸ்க் திருத்தும் புரோகிராமான செக்டிஸ்க்கை ஓடவிட்டிருக்கிறார்கள். வாசிக்கவே திணறுகிற டிஸ்க்கில் போய் எழுதிவைக்கிற வேலை அது. எந்தப் பைல் எங்கே, அதன் பெயர் என்ன என்று சொல்லும் அட்டவணை சிதைந்து, பைல்கள் துண்டு துண்டாக வேறொரு போல்டரில் கிடந்தன. டிடிரெஸ்கியூ எடுத்த கொப்பியை டெஸ்ட்டிஸ்க்கில் திறந்து பார்த்தேன். அட்டவணை நன்றாக இருந்தால் பெயரோடு பட்டியல் போட்டுக் காட்டும். இதில் ஒன்றுமே காட்டவில்லை. மிஞ்சியது போட்டோரெக்தான்.

போட்டோரெக் அட்டவணையைத் தேடாது. ஜேபெக் படம் தொடங்கும் பைட்டுகளைக் கண்டால் அங்கிருந்து ஒரு பைல் என்று வெட்டி எடுக்கும். ஆயிரக்கணக்கான படங்கள் திரும்பி வந்தன, பெரும்பாலானவை பழுதில்லாமல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் எப் என்ற எழுத்தும் ஒரு எண்ணும். அந்த எண் டிஸ்க்கில் பைல் கிடந்த இடத்தைச் சொல்லும், படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லாது. எங்கள் படங்களுக்கு அந்தப் பைல் பெயர்தான் குறிப்பு: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யாருடைய குடும்பம், மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் யார், இங்கேயே தங்கியவர்கள் யார். அதைச் சொல்லித்தந்த பெரியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. கமராவில் எடுத்த படத்துக்காவது உள்ளே திகதி இருக்கும். ஸ்கேன் பண்ணிய படத்தில் மிஞ்சிப்போனால் ஸ்கேன் பண்ணிய திகதிதான். காமன் கூத்து வீடியோக்களில் நீளமானவை பாதியில் நிற்கின்றன. பெரிய பைல்கள் டிஸ்க்கில் பல இடங்களில் சிதறிக் கிடந்தால் போட்டோரெக்கால் ஒட்டவைக்க முடிவதில்லை.

போட்டோரெக்கை எழுதிய கிறிஸ்தோப் கிரெனியே இதை இலவசமாகத் தந்திருக்கிறார். இது இல்லாவிட்டால் ஒரு படமும் மிஞ்சியிருக்காது. நன்றி மறக்கவில்லை. இருந்தும் இன்றைய மனநிலையில் போட்டோரெக்கை யாருக்கும் நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை. டிடிரெஸ்கியூவோடும் டெஸ்ட்டிஸ்க்கோடும் வேலை முடிந்துவிட்டால் அதுவே பெரிய கொடுப்பினை.

இப்போது குறிப்பைப் படத்துக்குள்ளேயே எக்ஸ்எம்பியாக (படப் பைலுக்குள் தகவல் பதியும் முறை) எழுதுகிறோம். படங்களை ஒழுங்குபடுத்தும் டிஜிகாம் என்ற சொப்ட்வெயாரில் தமிழிலேயே எழுதலாம். பைல் பெயர் போனாலும், வெட்டி எடுத்த படத்தோடு அந்தக் குறிப்பும் சேர்ந்து வருகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன். பெயரில்லாத படங்களைப் பிரின்ட் எடுத்து மறுபடியும் வீடு வீடாகக் கொண்டுபோகிறோம். மஸ்கெலியாப் பக்கத்துப் படங்கள்தான் முதலில், அங்கே அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.