120 பேட் போட்ட பிறகு: வீட்டுக் கட்டிங் மெஷினும் அந்தக் கிளாம்ப்பும்

போன வாரம் பாட்மிண்டன் கோர்ட்டில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நானும் ஒரு கட்டிங் மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வச்சிருக்கிறதையே வாங்கிடவா?" கட்டிங் மெஷின் என்றால் பேட்டுக்குக் கட், அதாவது நரம்பு இழை, கோத்து இழுத்துக் கட்டுகிற மெஷின். அன்று காலையில்தான் மகளின் பேட்டுக்குப் போட்ட கட் முழுவதையும் பாதியில் வெட்டி எறிந்திருந்தேன். "வாங்காதடா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அவனுக்கு முழுப் பதில் பாக்கி இருக்கிறது.

என்னுடையது எடைக்கல் வைத்து இழுக்கிற டிராப் வெயிட் மெஷின். ஃபிரேமை ஆறு இடத்தில் பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் 24,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடையில் 24 பவுண்டு இழுவை என்று சொல்லிக் கொடுத்த பேட் ஒருமுறை பலகை மாதிரி வரும், அடுத்த முறை தொளதொளவென்று வரும். ஃபிரேம் ஓட்டையில் உடைந்த குரோமெட்டை மாற்றாமல் அதன் மேலேயே கட் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதே ஓட்டையில் அறுந்தது. சில ரூபாய் பெறாத பிளாஸ்டிக் குழாய் அது. அந்தக் கோபத்தில்தான் மெஷின் வீட்டுக்கு வந்தது.

முதல் பேட் போட மூன்றரை மணி நேரம் ஆனது. 22 நெடுக்கு இழையையும் எப்படியோ இழுத்துவிட்டேன். குறுக்கில்தான் கண் பிசகியது. ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று கோத்துக்கொண்டே போகும்போது, எந்த இடத்தில் இரண்டு தடவை மேலேயே போனோம் என்பது தெரியவே தெரியாது. அம்மா உறையூரில் முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். காபி டம்ளரோடு வந்தவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அஞ்சாவது ஊடையில ஒரு இழை தப்பியிருக்கு, பிரிச்சிட்டுப் போடு" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு குறுக்கையும் இழுக்கும் முன் விரல் நகத்தால் ஒரு தரம் வருடிப் பார்க்காமல் விடுவதில்லை.

இழுக்கிற பகுதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எடைக்கல் மாட்டிய கம்பி படுக்கை வாட்டத்துக்கு வந்து நின்றால் வைத்த பவுண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் தளர்ந்து போகுமே என்ற கவலை கிடையாது, கரண்ட் தேவையில்லை. கட் கொஞ்சம் நீண்டு கொடுத்தால் கம்பியும் கூடவே இறங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் கம்பி துளி சாய்ந்து நின்றாலும் தூக்கித் தூக்கி மறுபடி இறக்குவேன். அவ்வளவு பாடுபடத் தேவையே இல்லை. 10 டிகிரி சாய்ந்தாலும் குறைவது ஒன்றரை சதவீதம்தான். 24 பவுண்டில் அரை பவுண்டு கூட இல்லை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் பத்து பேட்டில் ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

என் பிரச்சினை எல்லாம், இழுத்த இழை தளராமல் பிடித்து வைக்கிற அந்தக் கிளாம்ப். மெஷினோடு வருவது ஃப்ளையிங் கிளாம்ப். மேஜையோடு சேர்த்துப் பொருத்தியிருக்காது. பக்கத்து இழையைப் பிடித்துக்கொண்டுதான் புது இழையையும் பிடிக்கும். எடையை விடுவித்ததும் கிளாம்ப் கொஞ்சம் உள்பக்கம் சாயும். அந்தச் சாய்விலேயே இழுத்த இழுப்பில் ஒரு பங்கு போய்விடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், வழுக்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. புதுக் கட்டின் மேல் இருக்கிற வழவழப்பு பல்லில் படிந்துகொண்டே வரும். நாலைந்து பேட்டுக்கு ஒருமுறை ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைக்காவிட்டால் பிடி நிற்காது. அதோடு, பிஜி 65 கட்டின் தடிமன் 0.70 மி.மீ., அல்டிமேக்ஸ் 0.65 மி.மீ. இந்த இத்தனூண்டு வித்தியாசத்துக்கும் திருகைத் திருப்ப வேண்டும். தளர்வாக வைத்தால் வழுக்கும். முடுக்கினால் இழையை நசுக்கும். நசுங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும், அது ரொம்ப நாள் தாங்காது.

அன்று காலை நடந்ததும் இதுதான். 18வது நெடுக்கில் ஒரு வழுக்கல். திருகை அரைச் சுற்று கூட்டி மறுபடி இழுத்து, நெடுக்கை முடித்து, ஆறு குறுக்கும் போட்டாயிற்று. வெள்ளைத் தடம் விழுந்த அந்த இடத்திலேயே பட்டென்று போனது. ஒரு பக்கம் மட்டும் இழுவையோடு ஃபிரேமை விட்டுவைக்கக் கூடாது; உடனே நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எல்லாவற்றையும் வெட்டியாக வேண்டும். பத்து மீட்டர் கட், ஒரு மணி நேரம், பள்ளிக்கூடத்துக்கு மேட்ச் ஆடக் கிளம்பி நிற்கிற பிள்ளை. அவள் என் பேட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இதே மெஷினால் எனக்குக் கிடைத்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்போது அறுந்த பேட்டைக் கையில் வாங்கினாலே ஆடுகிறவரின் ஆட்டம் தெரிகிறது. நடுவில் நெடுக்கு இழை அரைபட்டு, பள்ளம் விழுந்து அறுந்திருந்தால் நன்றாக அடித்து ஆடித் தீர்த்த கட். தலைப்பக்கம் ஃபிரேமை ஒட்டி அறுந்திருந்தால் பந்து விளிம்பில் பட்டிருக்கிறது. எங்கள் கோர்ட்டில் ஒரு பெரியவருக்கு மாதம் ஒருமுறை அங்கேயே அறுந்துகொண்டிருந்தது. 26 பவுண்டை 22 ஆக்கிக் கொடுத்தேன், அவர் சம்மதிக்கவே இரண்டு மாதம் ஆனது. நாலு மாதமாக அந்தப் பேட் என்னிடம் திரும்பி வரவில்லை. போட்டு முடித்ததும் உள்ளங்கையில் தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே ராத்திரி பதினோரு மணிக்கும் உட்காரலாம்.

காசுக் கணக்கில் பார்த்தால் போட்ட பணம் இன்னும் திரும்பவில்லை. கோர்ட் ஆட்களிடம் கட்டுக்கு மட்டும்தான் வாங்குகிறேன். ஒரு 200 மீட்டர் ரீலில் 20 பேட் வரும். கூலி கேட்க மனசு வரவில்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. இந்த மாடலை வாங்காதே. கையில் காசு சேரும்வரை பொறுத்திருந்து, மேஜையோடு பொருத்திய ஃபிக்ஸட் கிளாம்ப் உள்ளதாக வாங்கு. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு சொல்வார்கள், கொடுத்துவிடு. என்னுடையதை விற்பாயா என்று கேட்காதே, விற்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வா. உன் பேட்டும் பத்து மீட்டர் கட்டும் கொண்டு வா. நெடுக்கை நான் போட்டுத் தருகிறேன், குறுக்கை நீ கோத்துப் பழகு. இழை தப்பினால் அம்மா சொல்லுவார்.