ரியூஷன் வகுப்பா, வீட்டுக்கு வரும் ரீச்சரா, நாமேயா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் மகன் இப்போது தரம் 4. போன வருடம் வரை தமிழ்ப் பாடநூலில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடகடவென்று சொல்லிவிடுவான். ஒருநாள் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொன்னேன். வாயே திறக்கவில்லை. அவ்வளவு நாளும் பிள்ளை வாசிக்கவில்லை, பாடமாக்கித்தான் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து இன்றுவரை மூன்று வழிகளைப் பார்த்துவிட்டோம். இதே கவலையோடு இருக்கும் பெற்றோருக்காக அவற்றை எழுதுகிறேன்.

முதலில் சேர்த்தது வீட்டுக்குக் கிட்ட நடக்கும் ஒரு ரியூஷன் வகுப்பில். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கைகளில் இப்படி எத்தனையோ உண்டு. காசு குறைவு, நடந்தே போகலாம், கூட்டாளிகளும் இருப்பார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்துத்தான் பாடம் ஓடும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்லது. வினாத்தாள் பழகும், போட்டியில் உற்சாகமும் வரும். எங்கள் பிள்ளைக்கு அது ஒளிந்துகொள்ளத் தோதான இடமாகிவிட்டது. கட்டுரை என்றால் பலகையில் இருப்பதைக் கொப்பியில் பார்த்தெழுதுவான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கொப்பியைப் பார்த்து நாங்களும் மனம் நிறைந்து இருந்துவிட்டோம்.

ஒருநாள் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது 'கொடி' என்ற சொல்லை 'கரடி' என்று வாசித்திருக்கிறான். பிள்ளைகள் சிரித்தார்கள். சேர் 'கொடி' என்று திருத்திவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். அவ்வளவு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்? ஆனால் அதற்குப் பிறகு வகுப்பு நாள் வந்தாலே இவனுக்கு வயிற்றுவலி. நிறுத்திவிட்டோம்.

இரண்டாவது, வீட்டுக்கு வரும் ரீச்சர். ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனையிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வந்தார். வகுப்புக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு செலவு. மழை நாளில் காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டால் பாதி நேரம் போய்விடும். இருந்தாலும் முதல் நாள் அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "கண் சோதிச்சீங்களா? காது?" என்று அக்காவிடம் கேட்டார். சோதிக்கவில்லை. சோதித்துப் பார்த்தோம், இரண்டிலும் குறை இல்லை.

அப்புறம்தான் 'கொடி'க்கு வந்தார். அவனை அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி வாசிக்க விட்டார். அவன் சொன்னது 'கெ... ர... டி.' எங்கள் வீட்டில் யாருக்கும் படாதது அவருக்குச் சட்டென்று பட்டது. கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் 'கெ' என்கிறான். பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொள்கிறான். 'கெரடி' என்று ஒரு சொல் இல்லையே, அதனால் தெரிந்த சொல்லான கரடிக்குத் தாவுகிறான். பிள்ளை யோசித்திருக்கிறான்! ஓலைச்சுவடிக் காலத்தில் காலையும் ரகரத்தையும் ஒரே வடிவில்தான் எழுதினார்கள், வாசிப்பவர்கள்தான் இடம்பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். அதை அறிந்தபோது இவன்மேல் எங்களுக்கு இருந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது.

ரீச்சர் செய்தது சின்ன வேலை. மட்டையில் 'க' என்று பெரிதாக எழுதி, கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டாக வெட்டிக் கொடுத்தார். அவன் அவற்றை இரண்டு பக்கமும் வைத்து வைத்து எடுத்தான். கொ, தொ, பொ, மொ. இரட்டைக் கொம்பை வைத்தால் கோ, தோ. இரண்டு கிழமையில் அந்தத் தடுமாற்றம் விட்டது. பிழை எங்கே பிறக்கிறது என்று கேட்டுப் பிடிக்கிற காதுக்குத்தான் நாங்கள் காசு கொடுத்தோம், அது கொடுக்க வேண்டிய காசுதான்.

ஸூமில் நடக்கும் வகுப்பையும் பார்த்தோம். பிள்ளையின் விரல் எந்த எழுத்தில் நிற்கிறது என்று திரையில் தெரிவதில்லை. இந்த வயதில், இந்தப் பிரச்சினைக்கு வேண்டாம்.

மூன்றாவது, நாமே. கிழமைக்கு இரண்டு நாள் போதாது, வாசிப்பு தினமும் நடக்க வேண்டும் என்று ரீச்சரே சொன்னார். அக்கா வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து புத்தகத்தோடு இருந்தால் பத்து நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடும், அவன் அழுவான். தாய் தகப்பன் சொல்லிக்கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். அதனால் நான் எடுத்துக்கொண்டேன். இருபது நிமிடம், அதற்குமேல் இல்லை. ஒரு பந்தியை நான் வாசிப்பேன், அதே பந்தியை அவன் வாசிப்பான். தட்டுப்பட்டால் ஐந்து எண்ணும் வரை நான் வாய் திறப்பதில்லை.

எழுத்தில்தான் பெரிய மாற்றம். காலிமுகத்திடலில் பட்டம் விட்டுவிட்டு வந்த அன்று, "நீ சொல்லு, மாமா எழுதுறன்" என்றேன். "பட்டம் அறுந்து போட்டுது, நான் ஓடினன்" என்றான். அப்படியே எழுதி, அதன் கீழே 'பட்டம் அறுந்துவிட்டது, நான் ஓடினேன்' என்று எழுதிக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறி வாசித்தான். நாம் கதைப்பது ஒன்று, எழுதுவது ஒன்று என்று அவனுக்கு யாரும் சொல்லியே இருக்கவில்லை. மறுநாள் நாலு வரி தானாக எழுதினான். மூன்று எழுத்துப்பிழை. ஆனால் ஒரு வரிகூடப் பலகையில் பார்த்தது இல்லை.

செலவும் பெரிதாக இல்லை. அரசாங்கப் பாடநூல் இலவசம். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு வழிக்குத்தான் காசும் நேரமும் என்றால், முதல் மூன்று மாதம் ரீச்சரை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருந்து அவர் செய்வதைப் பாருங்கள், பிறகு நீங்களே தொடருங்கள். பிள்ளை தானாக ஒரு பக்கம் வாசித்து விளங்கிக்கொண்ட பிறகு ரியூஷன் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம். இத்தனையும் செய்து மாதக்கணக்கில் அசைவே இல்லையென்றால் டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். அது மூளைக் குறைவு அல்ல, ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் காட்ட வேண்டும்.

ரீச்சர் இப்போது சனிக்கிழமை மட்டும் வருகிறார். நாடு முழுக்க ஒரே பாடநூல் என்பதால் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவிடமும் ஒன்று இருக்கிறது. எனக்கு வேலை பிந்தும் நாட்களில் அவன் போனில் வாசிப்பான், அவர் அங்கே அதே பக்கத்தில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நேற்று ஒரு வரியை விட்டுத் தாண்டிவிட்டான். "தம்பி, மேல ஒண்டு கிடக்குது" என்றார் அம்மம்மா.