கோபியில் பிளஸ் டூ டியூஷன்: பேப்பர் திருத்தம் அருமை, நோட்டு விதி கொஞ்சம் இளக வேண்டும்

பிளஸ் டூ பிள்ளைக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் டியூஷன் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குறையும் சேர்த்தே சொல்லப்போவதால் சென்டரின் பெயரைப் போடவில்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்று மட்டும் எடுக்கிற, மாடியில் இரண்டே அறை உள்ள சின்ன இடம். எங்கள் பெண் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். டியூஷன் தேடினவர்களுக்குத் தெரியும், இங்கே பெரும்பாலும் ஆங்கில வழி நோட்ஸ்தான் கையில் கொடுப்பார்கள், தமிழ் வழிப் பிள்ளை பின் பெஞ்சில் உட்கார்ந்து தானே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே அப்படியில்லை. சார் கரும்பலகையில் மின் இருமுனை, நுரை மிதப்பு முறை என்று அரசுப் புத்தகத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எழுதி நடத்துகிறார். தனி நோட்ஸ் கிடையாது, பாடப் புத்தகம்தான் எல்லாம். எங்களுக்கு முதலில் பிடித்தது அதுதான்.

நான் நாலு பேரிடம் இந்த இடத்தைச் சொல்வதற்குக் காரணம் பேப்பர் திருத்துகிற விதம். ஞாயிறு காலையில் தேர்வு, அடுத்த புதன்கிழமைக்குள் விடைத்தாள் கைக்கு வந்துவிடுகிறது. மின்தேக்கி கணக்கு ஒன்றில் இவள் விடையைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டு, மைக்ரோ ஃபாரட் என்று போடாமல் வெறும் எண்ணோடு நிறுத்தியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அரை மதிப்பெண் பிடித்து, கூப்பிட்டும் கேட்டிருக்கிறார்: "ஏங்கண்ணு, எண்ணு சரிதான், அலகு எங்க போச்சு?" அதே தாளில் மின்புலக் கோட்டுக்கு அம்புக்குறி இல்லை என்று படத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு, தருவிப்பில் ஒரு வரியைத் தாண்டியிருந்த இடத்தில் இன்னொரு குறிப்பு. வெறுமனே டிக் அடித்து மொத்தம் போட்டுத் தருகிற இடங்களைப் பார்த்துவிட்டு வந்ததால் இது எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பிள்ளைக்குத் தான் எங்கே மார்க்கை விடுகிறோம் என்று தெரிந்துவிட்டால் பாதி வெசனம் தீர்ந்தது.

வினாத்தாளும் பொதுத்தேர்வு அமைப்பிலேயே இருக்கிறது. இயற்பியல், வேதியியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண் ஒன்பது கேட்டு ஆறு, மூன்று மதிப்பெண்ணும் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மதிப்பெண் ஐந்து. இதில் 24-ஆம் கேள்வியும் 33-ஆம் கேள்வியும் கட்டாயம், விட்டுவிட்டு வேறு எழுத முடியாது. புக் பேக்கை, அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் மாட்டுவது இந்த இரண்டில்தான். அதனால் வாராவாரம் இந்த இரண்டு இடத்துக்கும் புதுசு புதுசாகக் கணக்கு போட்டுக் கொடுக்கிறார்கள். தேர்வு அறையில் வினாத்தாள் படிக்கக் கொடுக்கிற 10 நிமிடத்தைக்கூட ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பழக்குகிறார்கள், அந்த நேரத்தில் பேனாவைத் தொடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றானதும், இனி அந்தப் பாடம் எதற்கு, நேராகப் பிளஸ் டூவுக்கே போகலாம் என்று கேட்கிற பெற்றோர் உண்டு. நம் பக்கத்தில் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பிளஸ் டூவை இரண்டு வருடம் ஓட்டுவது பழைய பழக்கம். இந்த சார் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பிளஸ் ஒன்னில் வகையிடலும் தொகையிடலும் தெரியாமல் பிளஸ் டூ கணக்கு இரண்டாம் தொகுதியைத் திறந்தால் முதல் பாடமே வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், அப்புறம் பகுதி வகைக்கெழு, தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று வரிசையாக வருகிறது. அடித்தளம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அவர் செய்வதுதான் சரி என்பது என் எண்ணம்.

இனி குறை. வீட்டுப்பாட நோட்டு சனிக்கிழமை பொழுதோட ஆறு மணிக்குள் மேசைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் ஞாயிறு தேர்வில் உட்கார விடமாட்டார்கள். கண்டிப்பு வேண்டியதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பள்ளியில் ரெக்கார்டு நோட்டு கையெழுத்து வாங்க எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். இவள் அங்கிருந்து கிளம்பி டவுன் பஸ் பிடித்து வருவதற்குள் ஏழு ஆகிவிட்டது. மறுநாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்வித்தாளைக் கையில் கொடுத்து வீட்டில் எழுதச் சொன்னார்கள், எழுதியதைத் திருத்தித் தரவில்லை. திருத்தத்துக்காகவே அனுப்புகிற எங்களுக்கு அது வருத்தமாக இருந்தது.

நேரில் போய், "ஏனுங்க சார், பள்ளிக்கூட வேலையால வந்த தாமதத்துக்குப் புள்ளைய வெளிய நிறுத்தலாமுங்களா?" என்று கேட்டேன். கோபப்படாமல்தான் பேசினார். முந்தின நாளே போனில் சொல்லியிருந்தால் விட்டிருப்போம் என்றார். சேர்க்கையின்போது கொடுத்த விதிமுறைத் தாளில் அப்படி ஒரு வரியே இல்லை! சொல்லித் தெரிந்தவர்களுக்கு மட்டும் சலுகை என்றால், காட்டு வேலைக்குப் போய்விட்டு இரவு வருகிற பெற்றோருக்கு அது எப்படித் தெரியும்? தாளில் அச்சடித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் போடவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. பள்ளி தருகிற அகமதிப்பீடு ஒவ்வொரு பாடத்துக்கும் 10: வருகைக்கு 2, உள்நிலைத் தேர்வுக்கு 4, ஒப்படைவு (அசைன்மென்ட்) அல்லது செயல்திட்டம் அல்லது களப்பயணத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் அதோடு செய்முறை 20. பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்குப் பார்க்கிற கட் ஆஃப் 200-இல் கணக்கு முழுசாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்கின்றன. அப்படிப் பார்த்தால் கணக்கில் 10, மற்ற இரண்டில் 15, 15, ஆக 40 கட் ஆஃப் மதிப்பெண் மார்ச் மாதம் தேர்வு அறைக்குள் போவதற்கு முன்பே பள்ளியில் முடிவாகிவிடுகிறது. ஒப்படைவையும் ரெக்கார்டையும் நேரத்துக்கு வைக்காத பிள்ளைக்கு டியூஷன் அதை மீட்டுத் தர முடியாது. ஆகவே டியூஷன் நோட்டும் பள்ளி நோட்டும் ஒரே நாளில் மோதினால் பள்ளி நோட்டுதான் முதலில், அதை சென்டரே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மற்றபடி, மூன்று பாடத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 18,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியோடு சேர்க்க ஆகிற செலவோடு பார்த்தால் இது எங்களால் முடிகிற தொகை. நீட் பயிற்சி கிடையாது, அதைக் கேட்டால் வேறு இடம் பாருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், அந்த நேர்மை பிடித்திருந்தது. மாரியம்மன் நோம்பிக்கு ஒரு நாள் விடுமுறை உண்டு, அதற்கு மேல் கேட்கக் கூடாது. மாலை வகுப்பு எட்டு மணிக்கு முடிகிறது. அந்தியூர், நம்பியூர்ப் பக்கம் போகிற பெண் பிள்ளைகள் கடைசிப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருப்பதால் பத்து நிமிடம் முன்னால் விடச் சொல்லி முன்கூட்டியே பேசிவையுங்கள், கேட்டால் விடுகிறார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சேர்க்கை ஏப்ரலில் தொடங்குகிறது. போகும்போது பிள்ளையின் பழைய விடைத்தாள் ஏதாவது ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் எந்த பேட்ச்சில் போடுவது என்று சொல்கிறார்கள். நோட்டு விதியைப் பற்றி அன்றைக்கே கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.