கார் கீறலுக்கு எது சரி: கொம்பவுண்டா, டச்-அப் போத்தலா, ஸ்பிரேயா?

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில்வரை ஏ4 வீதி பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது. முன்னால் போகிற டிப்பரின் சில்லில் தெறிக்கிற ஒரு குறுணிக்கல் போதும், பொனற்றில் புள்ளி விழுந்துவிடும். அந்தப் புள்ளியில் தகரம் தெரிந்தால் உப்புக்காற்று சும்மா விடாது, கறள் பிடிக்கும். கறள் பெயின்ற்றுக்கு அடியால் ஊர்ந்து பரவும்.

எதை வாங்குவது என்று யோசிக்க முன்னம் கீறலின் ஆழத்தைப் பாருங்கள். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் கீறல் மேலேயுள்ள கிளியர் கோட்டோடு, அதாவது நிறமில்லாத மேற்பூச்சோடு, நின்றுவிட்டது. நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது தடக்கினால் ஆழமாகப் போயிருக்கிறது. உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் பிரைமர், நிறத்துக்கு அடியில் இருக்கிற பூச்சு. ஓரத்தில் செம்மஞ்சள் வளையம் கட்டியிருந்தால் கறள் தொடங்கிவிட்டது.

தண்ணீரில் மறைகிற கீறலுக்கு ரபிங் கொம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போதும். அது கீறலை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. கிளியர் கோட்டின் தடிப்பே ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன்தான், தலைமயிரைவிட மெல்லியது. அதனால் ஒரே இடத்தை அடிக்கடி தேய்க்கக்கூடாது. கதவின் மடிப்பு விளிம்புகளில் கையே வைக்காதீர்கள், அங்கே பெயின்ற் இன்னும் மெல்லிசு. பற்பசையும் இதே தேய்ப்பு வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அரைகுறையாக.

கல் பட்ட புள்ளிக்குக் கொம்பவுண்ட் எதுவும் செய்யாது. அங்கே போட்டி டச்-அப் போத்தல் என்ற தூரிகையோடு வரும் சின்னப் பெயின்ற் போத்தலுக்கும் ஸ்பிரே டின்னுக்கும் இடையில்தான். நான் போத்தல் பக்கம்.

ஸ்பிரே அடித்தால் வேலை சீக்கிரம் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மிளகளவு புள்ளிக்கு ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ற் படிகிறது. மறைப்புத் தாளை உரித்தால் ஓரத்தில் வரம்பு நிற்கும். சில்வர் நிறங்களில் மினுக்குத் துகள் வேறு விதமாகப் படுத்து, நிழல் மாறித் தெரியும். கச்சான் வீசுகிற நாட்களில் தூசி வந்து ஒட்டும். மாரியில் ஈரக்காற்றுப் பட்டுக் கிளியர் பால்போல வெளுக்கும். பம்பரின் அடிமூலை உரசல் மாதிரி, கண் போகாத இடங்களுக்கு ஸ்பிரே பரவாயில்லை. பிளாஸ்டிக் பம்பர் கறள் பிடிக்காது என்பதால் அந்த வேலைக்கு அவசரமும் இல்லை.

டச்-அப் போத்தலில் பெயின்ற் புள்ளிக்குள் மட்டும் போகிறது. முதலில் காரின் நிற இலக்கம் வேண்டும். கதவுத் தூணிலோ, பொனற்றைத் திறந்தால் தெரியும் தகட்டிலோ அது இருக்கும். டொயோட்டாவில் 040 என்றால் வெறும் வெள்ளை, நன்றாகவே பொருந்தும். 1எஃப்7 சில்வர், கிட்ட நின்று பார்த்தால் புள்ளி தெரியத்தான் செய்யும். 070 முத்து வெள்ளை, அதற்கு அடிநிறம், முத்து, கிளியர் என்று மூன்று பூச்சு.

போத்தலோடு வருகிற தூரிகை தடிப்பு. அதை விட்டுவிட்டுப் பல்குச்சியின் நுனியில் ஒரு துளி எடுங்கள். வெயில் ஏறாத காலையில், நிழலில், காரைக் கழுவி உப்பைப் போக்கி, காய்ந்தபின் மெழுகுப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கறளைச் சுரண்டி எடுத்து, தகரம் தெரிகிற இடத்தில் பிரைமர் ஒரு துளி. அது காய்ந்ததும் நிறத்தைத் தொட்டு வையுங்கள். துளி தானாகவே பள்ளத்துக்குள் பரவி, காயும்போது உள்வாங்கும். அதனால்தான் ஒரேயடியாக நிரப்பாமல், ஒவ்வொன்றும் காய்ந்தபின் மெல்லிசாக மூன்று நான்கு தடவை வைக்கச் சொல்கிறேன். கடைசியில் கிளியர். ஒரு கிழமை விட்டு, மேடு தெரிந்தால் மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாகத் தேய்த்துக் கொம்பவுண்ட் போடுங்கள்.

போத்தல் கிடைக்கப் பிந்தினால் நிறமில்லாத நெயில் பொலிஷை ஒரு சொட்டு வைத்து உப்பையும் ஈரத்தையும் அதுவரை தடுக்கலாம். பிறகு அதை எடுத்துவிட்டுத்தான் பெயின்ற் வைக்க வேண்டும்.

கீறல் ஒரு கதவு நீளத்துக்கு ஓடினாலோ, நெளிவும் சேர்ந்திருந்தாலோ, முத்து வெள்ளையில் கண்ணுக்கு நேரே இருந்தாலோ வீட்டில் மினக்கெட வேண்டாம். பெயின்ற் கடையில், பெயின்றை இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து அடிப்பார்கள். டின் ஸ்பிரேயைவிட அது பெற்றோல் பட்டாலும் தாங்கும், செலவும் அதற்கேற்ப வரும். கொடுக்க முன்னம், அந்தப் பகுதியை மட்டுமா, முழுக் கதவையுமா அடிக்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.