மோகா தேர்வு: பார்கின்சன் நோயாளிக்கு எவ்வளவு பொருந்தும்?

மான்ட்ரியால் நரம்பியல் மருத்துவர் சியாத் நஸ்ரெதின் உருவாக்கி, 2005-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட அறிதிறன் (ஞாபகம், கவனம், திட்டமிடல் போன்ற மூளைத் திறன்) தேர்வுதான் மோகா (MoCA). ஒரு பக்கத் தாள், 30 மதிப்பெண், சுமார் பத்து நிமிடம். 1975-லிருந்து புழங்கும் எம்.எம்.எஸ்.இ. (MMSE) என்ற பழைய அறிதிறன் தேர்வைவிட இது மேல் என்று தயங்காமல் சொல்லலாம். அந்தக் கட்டுரையின்படி, லேசான அறிதிறன் குறைபாடு உள்ளவர்களில் 90 சதவீதம் பேரை மோகா கண்டுபிடித்தது. பழைய தேர்வு கண்டது 18 சதவீதம்.

பார்கின்சனில் பல நேரம் முதலில் தடுமாறுவது ஞாபகம் அல்ல. திட்டமிடலும் கவனத்தை மாற்றுவதும்தான். பழைய தேர்வு அதை ஏறக்குறைய கேட்பதே இல்லை. மோகாவோ எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்கிறது. கனசதுரமும் கடிகாரமும் வரையச் சொல்கிறது.

இதில் அருமையான பகுதி ஐந்து சொற்களை நினைவுகூர்வது. (எந்தச் சொற்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை, தெரிந்துவிட்டால் தேர்வு வீண்.) முதல் முறையே சரியாகச் சொன்னாலும் பட்டியலை இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தானாகச் சொன்னால்தான் மதிப்பெண். வராத சொல்லுக்கு வகைக் குறிப்பு கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் இல்லையே என்று இதைத் தாண்டிப் போவது பெரிய இழப்பு. குறிப்பு கொடுத்ததும் சொல் வந்தால் அது உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். பார்கின்சனில் இது அதிகம். குறிப்புக்கும் வராவிட்டால் பதியவே இல்லை. அல்சைமரை யோசிக்க வேண்டும்.

மொத்த மதிப்பெண் 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பதே பொருள். டிமென்ஷியா (மறதி நோய்) என்று தாளில் எழுதிவிடக் கூடாது. மன அழுத்தம், காது மந்தம், பி12 குறைவு, தைராய்டு, நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரை எல்லாமே மதிப்பெண்ணை இறக்கும். பார்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்து வேலை செய்யும் நேரத்தில் தேர்வை வையுங்கள். கை நடுங்கிக் கோடு கோணலானால் அது இயக்கக் குறை. வரைந்த கடிகாரத்தின் முட்கள் தவறான எண்ணைக் காட்டினால்தான் அறிதிறன் குறை.

பலவீனம் படிப்பில் இருக்கிறது. 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டச் சொல்கிறார்கள். பென்சிலே பிடிக்காத பாட்டிக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? தமிழ்ப் படிவம் இருப்பதால் மட்டும் இது தீராது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கென்றே 'மோகா பேசிக்' தனியாக உண்டு, அதை எடுங்கள்.

தேர்வை நடத்துபவர் கட்டணம் செலுத்திப் பயிற்சிச் சான்றிதழ் பெற வேண்டும். சிறிய கிளினிக்குக்கு அது சுமைதான், ஆனாலும் தேவை: கவனத்தைச் சோதிக்க வாசிக்கும் எழுத்துப் பட்டியலை நொடிக்கு ஒன்றாக வாசிக்காமல் வேகம் மாற்றினால் மதிப்பெண்ணும் மாறிவிடும்.

மறுமுறை சோதிக்கும்போது மாற்றுப் படிவத்தைப் பயன்படுத்துங்கள். எந்தப் படிவம், கடைசி லெவோடோபா மாத்திரை எத்தனை மணிக்கு என்பதைத் தாளின் மூலையில் குறித்து வையுங்கள்.